உங்க பூனை அதிகமா தண்ணி குடிக்குதா? சிறுநீரகத்தைக் கொஞ்சம் கவனிங்க!

வானூர்ப் பக்கம் சித்திரை வெயில் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பூனை கிண்ணத்தைக் காலி பண்ணினா, 'வெயிலுக்குக் குடிக்குது'ன்னு நாமளும் விட்டுடுவோம். ஆனா பூனை இயல்பிலேயே குறைவா தண்ணி குடிக்கிற பிராணி. ஏழெட்டு வயசைத் தாண்டின பூனை வழக்கத்தைவிட அதிகமா குடிச்சு, அதிகமா சிறுநீர் கழிச்சு, உடம்பும் இளைச்சுக்கிட்டே வந்தா, அது நாள்பட்ட சிறுநீரக நோயா இருக்கலாம். சர்க்கரை நோய், தைராய்டுலயும் இதே அறிகுறிகள் வரும். அதனால டெஸ்ட் எடுக்காம முடிவு பண்ணாதீங்க.

சிக்கல் என்னன்னா, சிறுநீரகம் சத்தமில்லாம கெடும். ரத்தத்துல கிரியாட்டினின் ஏறும்போது அதோட வேலைத்திறன்ல சுமார் முக்கால் பங்கு போயிருக்கும். எஸ்டிஎம்ஏ டெஸ்ட் அதைவிட முன்னாடியே காட்டிக்கொடுக்கும். கூடவே சிறுநீர்ல புரதம், ரத்த அழுத்தம் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. அழுத்தம் எகிறினா பூனைக்குத் திடீர்னு கண்ணே தெரியாமப் போயிடலாம். பக்கத்துல கிளினிக் இல்லைன்னா, புதுச்சேரி குரும்பாபேட்டுல ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கு.

ரிப்போர்ட்டை மனுஷங்களோட அளவை வெச்சுப் படிச்சுப் பயந்துடாதீங்க. பூனைக்கு 1.6-லேர்ந்து 2.8 வரைக்கும் கிரியாட்டினின் இருந்தா ரெண்டாம் நிலை. 5-க்கு மேல போனா நாலாம் நிலை. கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பச் சரியாகாதுங்கறது உண்மைதான். ஆனா ரெண்டாம் நிலையிலயே கண்டுபிடிச்சு, வருஷக்கணக்கா நல்லா இருக்கிற பூனைகள் நிறைய.

வீட்டுல நம்ம கையில இருக்கிற பெரிய மருந்து சாப்பாடுதான். பாஸ்பரஸ் குறைவான சிறுநீரக உணவு கடைகள்ல கிடைக்குது. பழைய சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து, ரெண்டு மூணு வாரத்துல மாத்துங்க. கோட்டக்குப்பத்துல மீன் வாங்குற வீடா இருந்தா கருவாட்டையும் முள்ளோட நெத்திலியையும் மட்டும் நிறுத்திடுங்க. அதுல உப்பும் பாஸ்பரஸும் அதிகம். பூனை எதையுமே தொடலைன்னா பிடிவாதம் பிடிக்காதீங்க, பழைய சாப்பாட்டையே குடுங்க. ஒரு பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ட்ரிப்ஸ். நிறைய பேர் பயப்படுறது இதுக்குத்தான். நரம்பைத் தேட வேண்டாம், தோள்பட்டைக்கு நடுவுல இருக்கிற தளர்வான தோலைத் தூக்கிப் பிடிச்சு, அதுக்கடியில ஏத்துறதுதான். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு டாக்டர் சொல்வார். முதல் தடவை அவர் முன்னாடியே செஞ்சு பழகிக்குங்க. பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணியில வெச்சா பூனை அவ்வளவா துள்ளாது. ஏத்தின இடம் புடைச்சு நிக்கும், சில மணி நேரத்துல அதுவா வடிஞ்சிடும். இதய நோய் இருக்கிற பூனைக்கு அளவு கூடினா மூச்சுத் திணறும், அதனால நீங்களா அளவைக் கூட்டாதீங்க.

வலி இருக்குமோன்னு நினைச்சு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க. ஒரே மாத்திரை பூனையைக் கொன்னுடும்.

வாரம் ஒரு தடவை எடை பார்த்து மொபைல்ல எழுதி வையுங்க. பூனையைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறி, உங்க எடையைக் கழிச்சா போதும். எடை தொடர்ந்து இறங்கி, வாந்தி நிக்காம, கட்டிலுக்கு அடியிலயே ஒடுங்கிக் கிடந்தா, 'இன்னும் எவ்வளவு நாள் இழுக்கறது நியாயம்?'னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க. கேக்கக் கஷ்டமான கேள்விதான், ஆனா பூனைக்காக அதைக் கேக்க உங்களை விட்டா வேற ஆள் இல்லை.