கார்-டி கலச் சிகிச்சை

கார்-டி கலச் சிகிச்சை என்பது இரத்தப் புற்றுநோயாளியின் குருதியிலிருந்து டி-நிணநீர்க் குழியங்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் அவற்றுக்குப் புதிய பரம்பரையலகு ஒன்றை ஏற்றி, கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளியின் உடலில் மீண்டும் செலுத்தும் முறையாகும். ஏற்றப்படும் பரம்பரையலகு, குழியத்தின் மேற்பரப்பில் ஒரு செயற்கை வாங்கியைத் தோற்றுவிக்கும். பி-குழியங்களின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தை அந்த வாங்கி இனங்கண்டதும், டி-குழியம் எதிரே நிற்கும் கலத்தைக் கொன்றுவிடும். சிறுவர்களை அதிகம் தாக்கும் கடும் நிணநீர்க்குழியப் புற்றுநோயில், கீமோவுக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் குணமாகி மீண்டும் நோய் கண்டவர்களுக்குமே இது முதன்மையாகக் கொடுக்கப்படுகிறது.

டி-குழியங்களை உடலுக்கு வெளியே வளர்க்க முடியும் என்பது 1976இல் தெரியவந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மோர்கன், ரஸ்கெட்டி, காலோ ஆகியோர் புற்றுநோய்க் கலங்களை வளர்க்கவே முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் தயாரித்த ஊடகத்தில் செழித்ததோ டி-குழியங்கள். பின்னர் இன்டர்லியூக்கின்-2 எனப் பெயர் பெற்ற அந்த ஊடகத்திலிருந்த வளர்ச்சிப் பொருள் கிடைத்திராவிட்டால் இந்தத் துறையே பிறந்திராது. அதே நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் 1980களில் அப்படி வளர்த்த குழியங்களைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கினார்.

இரத்தப் புற்றுநோயையும் டி-குழியங்கள் அடக்கும் என்பதற்கு என்புமச்சை மாற்றுச் சிகிச்சையே சான்று தந்தது. 1990இல் மியூனிக் நகரில் ஹான்ஸ்-யோக்கெம் கோல்ப், மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கு, மச்சை கொடுத்தவரின் நிணநீர்க் குழியங்களையே ஏற்றி நோயைப் பின்வாங்கச் செய்தார். ஆனால் அந்நியக் குழியங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் கூடத் தாக்கும். சொந்தக் குழியத்துக்கே இலக்கைக் காட்டிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்து வந்தது. செலிக் எஷ்ஹாரும் கிடியன் கிராஸும் 1989இல் பிறபொருளெதிரியின் தலைப்பகுதியை டி-குழிய வாங்கியுடன் ஒட்டிக் காட்டினார்கள். முதல் வடிவங்கள் உடலில் நிலைக்கவில்லை; சில நாட்களில் ஓய்ந்துபோயின. மிஷெல் சடலெயினும் டாரியோ கம்பானாவும் வாங்கியின் உட்பக்கத்தில் இரண்டாவது தூண்டல் பகுதியொன்றைச் சேர்த்த பிறகே குழியங்கள் பெருகி, மாதங்களும் ஆண்டுகளும் உயிர்வாழக் கூடியவையாயின.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூனின் குழு 2010இல் இதை மூன்று முதியவர்களிடம் சோதித்தது. இருவரிடம் நோய் முற்றாக மறைந்தது. 2012 ஏப்ரலில் பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி, இச்சிகிச்சை பெற்ற முதல் பிள்ளையானாள். குழியங்கள் ஏறிய சில நாட்களில் கடும் காய்ச்சல் கண்டு, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். அவளது குருதியில் இன்டர்லியூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப், மூட்டுவாத மருந்து. ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால் அவர் அதை அறிந்திருந்தார். அந்த மருந்து ஏற்றப்பட்டபின் எமிலி தேறினாள், புற்றுநோயும் மறைந்தது. அன்று அவளை இழந்திருந்தால் இந்த ஆராய்ச்சி பல ஆண்டுகள் முடங்கியிருக்கும். 2017 ஆகஸ்டில் அமெரிக்கா இச்சிகிச்சைக்கு கிம்ரியா என்ற பெயரில் அனுமதி அளித்தது. அப்போதைய விலை 4,75,000 டொலர்.

அந்த விலைக்குப் பெருங்காரணம் குழியம் வளர்க்கப்படும் இடமும் முறையும் ஆகும். எடுத்த குழியங்களை உறைய வைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். அங்கே வளர்த்து, சோதித்து, மறுபடி உறைய வைத்துத் திருப்பி அனுப்பவேண்டும். மூன்று நான்கு வாரம் போய்விடும். வேகமாகப் பரவும் நோயில் அத்தனை நாள் தாங்காமல் இறந்தவர்களும் உண்டு.

இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வார் குழுவும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து, உள்நாட்டிலேயே பரம்பரையலகை ஏற்றிச் செல்லும் வைரசுக் காவியையும் குழியங்களையும் உருவாக்கின. 2021 ஜூன் 4இல் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்ட இச்சிகிச்சை, 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற பெயரில் அனுமதி பெற்றது. அப்போதைய விலை ஏறக்குறைய 30 முதல் 40 இலட்சம் இந்திய ரூபாய். மேற்கத்திய விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் தோட்டத்திலும் வயலிலும் உழைக்கும் குடும்பம் எட்டக்கூடிய தொகையல்ல.

தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறு வழியை எடுத்தது. 1986 முதல் என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்துவரும் அந்த மருத்துவமனை, தன் வளாகத்திலேயே தானியங்கி இயந்திரமொன்றில் குழியங்களை வளர்க்கத் தொடங்கியது. மூடிய குழாய்களுக்குள் குழியங்கள் கழுவப்பட்டு, வைரசு சேர்க்கப்பட்டு, பெருகி, ஒன்பது நாட்களில் ஆயத்தமாகின்றன. உறைய வைக்காமலே கட்டிலுக்குக் கொண்டுபோகலாம். 2025இல் வெளியான வெல்கார்ட் ஆய்வில் பத்து நோயாளிகளுக்கு இது கொடுக்கப்பட்டது. கடும் நிணநீர்க்குழியப் புற்றுநோயாளிகள் அனைவரிடமும் நோய் பின்வாங்கியது. நிணநீர்க்கணுப் புற்றுநோயாளிகளில் பாதிப்பேரிடம் மறைந்தது. 15 மாதக் கண்காணிப்பின் பின் 80 வீதமானோர் புற்றுநோயின்றி இருந்தனர். பத்துப் பேரை வைத்து முடிவு கட்டக்கூடாது. என்றாலும் பெருநிறுவனத்தின் தொழிற்சாலை இல்லாமல் ஒரு மருத்துவமனையே இதைச் செய்துகாட்டியது, தென்னாசியாவுக்குப் பெரிய செய்தி.

நோயாளி பார்க்கும் காட்சி எளிமையானது. நாளத்தில் குழாய் போட்டு, சில மணிநேரம் குருதி இயந்திரம் வழியே ஓடித் திரும்பும். வெண்குழியங்கள் மட்டும் ஒரு சிறு பையில் சேரும். பின்பு, புதியவற்றுக்கு இடம் பண்ண மூன்று நாள் கீமோ. குழியம் ஏற்றுவது சில நிமிட வேலை. கடினமானது அடுத்த இரண்டு வாரங்கள். காய்ச்சல், இரத்த அழுத்த வீழ்ச்சி, மூளைக் குழப்பம் ஆகியவற்றைத் தாதியர் இரவு பகலாகக் கவனிப்பார்கள். இது எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்பார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பேச்சு தெளிவாக இருக்கும்போதே கையெழுத்து குலைந்துவிடக்கூடும் என்பதால் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

இலங்கையில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியிலுள்ள லக்கலயில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், பெற்றோர் மாத்தளைக்கும் கண்டிக்கும் போய், அங்கிருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வரை செல்ல நேரும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ் கட்டணமும் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. கார்-டி பெற்றவர் முதல் சில வாரங்கள் மருத்துவமனைக்கு எட்டிய தூரத்தில் தங்கவேண்டும். நல்ல பி-குழியங்களும் அழிவதால், பிறபொருளெதிரி ஊசி மாதாமாதம் பலருக்குத் தேவைப்படும். ஆகையால் குழியத்தின் விலை குறைந்தால் மட்டும் போதாது. குருதி பிரிக்கும் இயந்திரமும் தீவிர சிகிச்சைக் கட்டிலும் டோசிலிசுமாபும் உள்ள வைத்தியசாலை அருகில் இருக்கவேண்டும்.

சிகிச்சை எல்லோரிடமும் நிலைப்பதில்லை. கிம்ரியாவின் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 81 வீதமானோரிடம் நோய் மறைந்தது. ஓராண்டின் முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர். சிடி19 புரதத்தைக் கைவிட்ட புற்றுநோய்க் கலங்கள் வாங்கியின் பார்வைக்குத் தப்பி மீண்டும் பெருகுகின்றன. இதனால் இரண்டு புரதங்களை ஒருசேரத் தேடும் வாங்கிகள் சோதிக்கப்படுகின்றன. இன்னொரு புறம், பரம்பரையலகைச் சுமந்த காவியை நேரே நாளத்தில் ஏற்றி உடலுக்குள்ளேயே குழியங்களை மாற்றும் முயற்சியும் தொடங்கிவிட்டது. 2025இல் சீனாவில் என்புமச்சைப் புற்றுநோயாளிகள் நால்வரிடம் அது செய்யப்பட்ட விவரம் வெளியாயிற்று. அது மற்ற இரத்தப் புற்றுநோய்களிலும் பாதுகாப்பாகப் பலித்தால், குழியம் வளர்க்கத் தனி ஆய்வுகூடமே தேவைப்படாது.