கோடைக் காவிரியும் பொம்மீனும்

தருமபுரி என்றவுடன் மீனை நினைப்பவர் இலர். கேழ்வரகு நினைவுக்கு வரும். புளியஞ்சாலைகளும் நடுகற்களும் நினைவுக்கு வரும். அதியமானும் ஔவையும் தாமே வந்து நிற்பர். மீன் மட்டும் வருவதில்லை. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள மேட்டுநிலம், மழை பொய்க்கும் ஊர்கள், குடிக்கவே நீரற்ற மக்கள் என்ற சித்திரம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆயினும் இம்மாவட்டத்தின் மேற்கெல்லை முழுவதும் காவிரி ஓடுகிறது. மேலே ஒகேனக்கல் அருவி. கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரையில் மீனை நம்பி வாழும் குடிகள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். அவர்களைப் பற்றி நம் மலர்களில் ஒரு பக்கமும் எழுதப்பட்டதில்லை என்ற குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கவிஞர்கள் மிகுந்த அவையாதலின் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஒகேனக்கல்லில் ஆற்றைக் கடக்கவும் மீன் பிடிக்கவும் பயன்படும் வட்டத் தோணியைப் பரிசல் என்கிறோம். பரிசில் என்றும் வழங்குவதுண்டு. தகடூர் அதியமானிடம் ஔவை காத்திருந்து பெற்றதும் பரிசில்தான். ஒரே ஒலியில் புரவலன் கொடையும் மீனவன் தோணியும் அடங்கியிருப்பது இந்நிலத்துக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதைச் சொல்லாராய்ச்சியாளரிடம் விட்டுவிடுவோம். மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோற் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தாரிட்டு முடிக்கப்படும் எளிய கலம் அது. கீலும் இல்லை, முகப்பும் இல்லை. பாறைகள் நிறைந்த ஆற்றில் எப்பக்கமும் திரும்பக் கூடிய கலமே பிழைக்கும் என்பதை அறிந்தவர் செய்த கலம்.

இக்கரையின் மீன்பிடிக் காலம் கோடையே. ஆனி, ஆடியில் குடகு மலையில் பெய்யும் மழை காவிரியைச் செந்நீராக்கி அனுப்பும். அவ்வெள்ளத்தை எதிர்த்தேறித்தான் ஆற்று மீன்கள் முட்டையிடச் செல்லும். அப்பொழுது பரிசல் ஆற்றில் இறங்காது. மாசி கழிந்து ஆறு மெலியும்போது நீர் பாறைகளுக்கிடையே ஒதுங்கி மடுக்களில் தங்கும். மீன்களும் அம்மடுக்களில் ஒடுங்கும். கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, வாளை, கெளுத்தி, ஆரல், விலாங்கு எனப் பல இனங்கள் ஒரே மடுவில் அடைபட்டுக் கிடக்கும் காலம் அது. வலைஞன் மடுவின் வாயை அடைத்து வலை வீசுவான். சிறுவர் தூண்டிலும் மண்புழுவுமாகப் பாறை நிழலில் அமர்வர். மருக்காரைக் காயை இடித்துத் தேங்கிய நீரிற் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனைக் கையால் அள்ளும் வழக்கமும் மலையோரத்தில் இருந்தது.

உள்நாட்டு மீன்வளம் தமிழகத்தில் பழைய நாள் தொட்டே கணக்கில் இருந்த பொருள்தான். சோழர் காலக் கல்வெட்டுகளிற் காணும் பாசிப்பாட்டம் என்னும் வரி ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்கானது. இன்றும் ஊர் ஏரிகளை ஏலம் விடுகையில் மீன்பாசிக் குத்தகை என்றே சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாசி விலகவில்லை! ஆனால் மடுக்களும் பாறைகளும் நிறைந்த காட்டாற்றை ஏரியைப் போல அளந்து ஏலம் விடுவது எளிதன்று.

ஆற்று மீன்களுள் அரசு என்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு. தமிழில் பொம்மீன் என்றும் பூமீன் கெண்டை என்றும் வழங்கும் அம்மீனை ஆங்கிலேயர் மஹ்சீர் என்றனர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததேயெனினும், உள்ளங்கையளவுச் செதிலும் ஆள் எடையும் கொண்டு வளரக்கூடியது. சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873-இல் தூண்டிற்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் சால்மனைக் காட்டிலும் வலிய மீன் இது என்று அதில் அவர் வாதிட்டதால், விடுமுறை பெற்ற வெள்ளைத்துரைகள் இந்திய ஆறுகளை நோக்கித் தூண்டிற் கோலுடன் புறப்பட்டனர். 1946 மார்ச்சு மாதம், கோடை தொடங்கும் வேளையில், காவிரியின் கிளையாகிய கபினியில், மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து புகழ் பெற்ற வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 120 பவுண்டு எடையுள்ள பொம்மீனைப் பிடித்தார். அதாவது ஏறத்தாழ 54 கிலோ! அதனை அவர்கள் பிடித்த இரை எது என்று நான் அறியேன். ஆனால் காவிரியில் பிற்காலத்துத் தூண்டிற்காரர் பெரிதும் நம்பிய இரை, வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு மாவுருண்டை. நம் வீட்டுக் களியை மீனும் விரும்பியிருக்கிறது.

இத்தகைய ஆற்றை நடுவே மறித்தது மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கிய வேலை 1934-இல் முடிந்து, அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. அப்போதைய மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. நிறைந்தால் நீர் பரவும் இடம் சுமார் 59 சதுர மைல். அந்நாளில் இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். பல ஊர்கள் நீரில் மூழ்கின. பண்ணவாடியின் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரங்களும் நீர் வற்றும் கோடைகளில் வெளிப்பட்டு, நீர் ஏறியதும் மறைகின்றன. எதிர்க்கரையில் நம் நாகமரை. நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் இடையே பரிசலும் படகும் ஓடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நான் முதன்முதல் அந்நந்தியைக் கண்டபோது எனக்குப் பத்து வயதிருக்கும். உடன் வந்த பெரியவர் ஒருவர் அதன் முதுகில் ஈரம் காயாத வலையை உலர்த்தியிருந்தார். கடவுளின் வாகனத்தில் வலை உலர்த்தலாமா என்று கேட்டேன். ஆண்டில் பத்து மாதம் தண்ணீருக்குள் கிடக்கும் சாமிக்கு இரண்டு மாதம் வலை சுமப்பது பாரமா என்று அவர் சிரித்தார்.

இந்நீர்த்தேக்கத்தின் முரண் ஒன்றைச் சொல்லவேண்டும். சூன் 12-இல் மதகு திறப்பதும் சனவரி 28-இல் மூடுவதும் மரபு. அந்நீரெல்லாம் தஞ்சைக் கழனிகளுக்கு. நீரின் கரையிலேயே வாழும் தருமபுரியின் மேட்டு வயல்களுக்கு அது ஏறவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கும் வரை, ஃபுளூரைடு மிகுந்த ஆழ்கிணற்று நீரைக் குடித்துப் பல் கறைபட்ட மாவட்டம் இது. காவிரி நெடுங்காலம் இம்மாவட்டத்துக்குக் கொடுத்த விளைச்சல் பெரும்பாலும் மீன் ஒன்றே. அதுவும் தஞ்சைக்கு நீர் போய்த் தேக்கம் வற்றிய பிறகே கைக்கு எளிதாகக் கிட்டுவது.

அணை மீனையும் மாற்றியது. கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் உல்லத்துக்கு இது வழியடைத்தது. கீழே கொள்ளிடத்தில் 1836-இல் கட்டப்பட்ட கீழணை முன்னமே ஒரு தடையாய் நின்றதையும் சேர்த்து எண்ணவேண்டும். ஓடும் நீரில் வாழப் பழகிய இனங்கள் தேங்கிய நீரில் தளர்ந்தன. தேக்கத்தை நிரப்ப வேறு மீன்கள் தேவைப்பட்டன. கோதாவரியிலிருந்து கட்லா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தெற்கே கொண்டுவரப்பட்டது. ரோகுவும் மிருகாலும் வடநாட்டு ஆறுகளிலிருந்து பின்னர் வந்தன. ஆற்றில் முட்டை பொறுக்கிக் குஞ்சு வளர்த்த காலம் 1957-இல் மாறியது. அவ்வாண்டு சூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹிராலால் சௌதுரி என்னும் அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டை இனத்தைச் சிறைநீரில் முட்டையிடச் செய்தார். அதன்பின் குஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு வரவு ஜிலேபி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலேப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்திறங்கி, அங்கிருந்து தமிழகக் குளங்களுக்கும் அணைகளுக்கும் பரவியது. தாய் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாத்துக் குஞ்சாக்கும். பசித்தாலும் விழுங்காமல் வாயில் வைத்திருக்கும் தாய் என்று எழுதினால் கவிதையாகத் தோன்றும். ஆற்றின் பழங்குடி மீன்களுக்கு அந்தத் தாய்மை எமனாயிற்று. பிழைக்கும் குஞ்சுகள் மிகுதி, எதையும் தின்னும், எந்நீரிலும் வாழும். ஆனால் ஏழை வீட்டுச் சட்டிக்கு மலிவாக மீன் தந்ததும் அதுவே. அதை வைதுவிட்டுப் போவது நேர்மையன்று.

பிடிக்கும் முறைகளும் மாறின. மேட்டூர்த் தேக்கத்தில் பேர்பெற்ற ரங்கூன் வலை, பருத்தி நூலில் தொடங்கி நைலானுக்கு வந்தது. நூல் வலை மட்கும். அறுந்து நீரிற் கிடக்கும் நைலான் மட்காது, ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைவிடக் கொடியது வெடி. கல்லுடைக்கப் பிறந்த மருந்து மடுவுக்குள் விழுந்தால் பெரியதும் சிறியதும் ஒருங்கே மடியும். மிதப்பதை அள்ளுவர், அடியில் அமிழ்ந்தது அழுகும். நஞ்சிடுதலையும் வெடிவைத்தலையும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. சட்டம் நூற்றாண்டைத் தாண்டிய பின்னும் காவிரி மடுக்களில் வெடியோசை அடங்கியதாகச் சொல்ல முடியாது.

இனி, பொம்மீனின் கதையை முடிக்கவேண்டும். விடுதலைக்குப் பின் மறக்கப்பட்டிருந்த காவிரித் தூண்டில், 1970-களின் பிற்பாதியில் வந்த ஆங்கிலத் தூண்டிற்காரர் சிலரால் மீண்டும் உலகப் புகழ் அடைந்தது. ஒகேனக்கல்லுக்கு மேலே கருநாடகக் கரையில் பீமேசுவரி, காலிபோர் முதலிய இடங்களில் முகாம்கள் தோன்றின. பிடித்த மீனை எடையிட்டு, குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றில் விடுவது அங்கே விதி. இதே காலத்தில், அருகிவரும் இனத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தோடு, மகாராட்டிரத்து லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தார் பொரித்த நீலத்துடுப்புப் பொம்மீன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. அது கிருஷ்ணை ஆற்றுப் பக்கத்து இனம். காவிரிக்கே உரிய பொம்மீன் வேறு. முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்பும் கொண்டது. இரண்டும் ஒன்றென எண்ணியே விட்டனர்.

பின்னர் ஆய்வாளர் சிலர் காலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான குறிப்பேடுகளைப் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. ஆண்டுதோறும் நீலத்துடுப்பு மீன் பெருகியிருந்தது. திமில் மீன் அருகியிருந்தது. விளையாட்டாகத் தூண்டில் போட்டவர் எழுதிவைத்த எடைக்கணக்கு, ஓர் இனத்தின் இறங்குமுகத்துக்குச் சான்றாயிற்று. ஒன்றரை நூற்றாண்டாக உலகமெங்கும் புகழ் பெற்றிருந்த அத்திமில் மீனுக்குச் சரியான அறிவியற்பெயர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. காவிரியின் துணையாறான அமராவதியிற் சேரும் பாம்பாற்றில், கேரளப் பகுதியில் கண்டு 2007-இல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவியே இம்மீன் என்று 2018-இல் நிறுவினர். ரேமாதேவி என்னும் மீனியல் அறிஞரைச் சிறப்பிக்கும் பெயர் அது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலிலும் அம்மீன் ஏறியது. பெயர் சூட்டும் நாளும் நாள் குறிக்கும் நாளும் ஒன்றாகவே வந்தன.

நம் கரைப் பக்கம் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் கிருட்டினகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் அமைந்தவை. மடுக்களுக்கும் நீர்நாய்க்கும் முதலைக்கும் இதனால் காவல் கிடைக்கலாம். தலைமுறையாக வலை வீசியவன் எங்கே வீசுவான் என்ற கேள்விக்கு அறிவிப்புகளில் விடை தேடினேன். மனநிறைவு தரும் விடை அகப்படவில்லை.

சென்ற கோடையில் ஒகேனக்கல் சென்றிருந்தேன். அருவிக்குப் போகும் வழியெங்கும் தோசைக்கல்லில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. மிளகாய்த்தூள் அப்பிய துண்டுகளைக் காட்டி, இது கட்லா, இது ஜிலேபி, இது வாளை என்று கடைக்கார அம்மா பெயர் சொன்னார். பொம்மீன் உண்டா என்று கேட்டேன். ‘அது எங்க அப்பா காலத்து மீனுங்க’ என்றார். அருகே பரிசல் தார் பூசிக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து, பொம்மீனில் இரண்டு உண்டு, அதில் ஒன்றுக்கு வேறு பெயர் சொல்வோம் என்றார். என்ன பெயர் என்று கேட்பதற்குள் சுற்றுலாக் கூட்டம் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டது. மாலைவரை காத்திருந்தும் அவர் திரும்பவில்லை.

அறிவியல் 2018-இல் பிரித்தறிந்த இரண்டு மீன்களை நம் பரிசற்காரர் தம் மொழியில் முன்பே பிரித்து வைத்திருந்தனரா என்பதற்கு விடை அப்பெயரில் இருக்கிறது. வட்டத்து நண்பர்களுள் பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்தார் பலர் இருக்கிறீர்கள். வரும் பங்குனியில் ஆறு மெலிந்ததும் ஒகேனக்கல்லிலிருந்து ஒட்டனூர், நாகமரை வரை கரையோரமாகச் செல்வதென முடிவு செய்திருக்கிறேன். ஒரு குறிப்பேடும் இரண்டு நாள் உணவும் போதும். உடன்வர விரும்புவோர் முன்கூட்டியே தெரிவிக்கவும்.