அடியில் கனம், மேலே உறுமல்

எவரெட் ஹல்லுக்கு ஒலி சிதைவதே பிடிக்காது. நியூயார்க்கின் இசைக்குழுக்களில் டபுள் பேஸ் வாசித்தவர். டிரம்பெட்டும் சாக்சபோனும் முன்வரிசையில் ஊதும்போது, ஆளுயர வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் நிற்கும் பேஸ்காரர் விரல் தேய வாசித்தாலும் நாலாவது வரிசையைத் தாண்டிக் கேட்காது. அந்த வாத்தியத்தைத் தரையில் ஊன்றி நிறுத்தும் கம்பிக்கு பெக் என்று பெயர். அதன் மேல்முனையில், வாத்தியத்தின் வயிற்றுக்குள் போகும் இடத்தில், ஹல் ஒரு சின்ன மைக்கைப் பொருத்தினார். அந்த 'ஆம்ப்ளிஃபைடு பெக்'தான் சுருங்கி ஆம்பெக் ஆனது. 1946-ல் தொடங்கிய தொழில் அது. அவருக்கு இருந்தது ஒரே லட்சியம்: வாத்தியத்தில் பிறப்பது அப்படியே, கறை படாமல், பெரிதாகக் கேட்க வேண்டும்.

பேஸ் ஆம்ப்ளிஃபயரின் வரலாறு முழுக்க அந்த லட்சியத்தை வாசித்தவர்கள் மீறிய கதை. நான் திருச்சியில் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு பேஸ் வாசித்தவன். இப்போது அவர்களுடைய ஆம்ப்களையும் பெடல்களையும் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். சுத்தமான ஒலியை விற்ற எல்லாரும் எனக்கு மதிப்பிற்குரியவர்கள்தான். ஆனாலும் இன்று பேஸ் என்று நம் காது அடையாளம் காணும் ஒலியை உண்டாக்கியவர்கள், அந்தப் பெட்டிகளை அவற்றின் எல்லைக்கு மேல் திருகியவர்களே.

1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம், கட்டைகள் இருப்பதால் சுருதி பிசகாது, ஆனால் மின்சாரம் இல்லாமல் அதற்குக் குரலே இல்லை. அடுத்த ஆண்டு பாஸ்மேன் என்ற ஆம்ப் வந்தது. உள்ளே ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். சில ஆண்டுகளில் அதை மாற்றி நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களை வைத்தார்கள். பின்பக்கம் திறந்த பெட்டி, 40 வாட்டைச் சுற்றிய சக்தி. பேஸைப் பலமாக வாசித்தால் அந்த ஸ்பீக்கர் கோன்கள் திணறின.

திணறியதற்குக் காரணம் உண்டு. பேஸின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. அதே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் கோன் முன்னும் பின்னும் நாலு மடங்கு தூரம் போய்வர வேண்டும். போதாததற்கு, தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். கிட்டார்காரர் 30 வாட்டில் மண்டபத்தை அதிரவைக்கும்போது பேஸ்காரருக்கு 300 வாட் தேவைப்படுவது இதனால்தான். "எத்தனை வாட் வாங்கலாம்ணே?" என்று என்னிடம் கேட்கும் பையன்களை நான் முதலில் பெட்டியின் அளவையும் ஸ்பீக்கரின் தரத்தையும் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். வாட் என்பது எண். காற்றைத் தள்ளுவது கோன்.

பேஸுக்குச் சரிப்படாத அந்த பாஸ்மேனைக் கிட்டார்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து அதே சர்க்யூட்டைப் பின்பற்றி, அங்கே கிடைத்த வால்வுகளை வைத்து ஓர் ஆம்ப் செய்தார். அமெரிக்கப் பெட்டிகள் இங்கிலாந்தில் எட்டாத விலையில் இருந்தன. மார்ஷல் ஆம்ப் என்றால் இன்று ராக் கிட்டார் நினைவுக்கு வருகிறது. அதன் தாய் ஒரு பேஸ் ஆம்ப். இறக்குமதிப் பொருள் கைக்கு எட்டாத ஊரில், கிடைத்ததை வைத்துச் செய்யும் வேகம் எப்படியிருக்கும் என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 2என்3055 டிரான்சிஸ்டர்களைக் கனத்த அலுமினிய ஹீட் சிங்கில் முறுக்கி, பிளைவுட் பெட்டியில் 15 அங்குல ஸ்பீக்கரை மாட்டி, அதை மாட்டாஸ்பத்திரி ரோட்டிலிருந்து திருவிழா மேடை வரைக்கும் தூக்கிப்போன ஆட்கள் நாங்கள். எனக்கு சர்க்யூட் சொல்லிக்கொடுத்த அண்ணன் ரேடியோ மெக்கானிக். கிட்டார் பிடிக்கத் தெரியாது. ஆனால் என் ஆம்பின் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, உன் பெட்டி முனகுது, பேசலை" என்பார். முனகலுக்கும் பேச்சுக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஆம்பெக்குக்குத் திரும்புவோம். ஹல்லிடம் வேலை பார்த்த ஜெஸ் ஆலிவர் 1960-ல் வடிவமைத்த பி-15 பெட்டியை நான் படங்களில் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் மூடியின் ஒரு பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கச்சேரி முடிந்ததும் மூடியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அத்தனையும் பெட்டிக்குள் தொங்கிப் பத்திரமாகிவிடும். மேடை ஏறியதும் திரும்பக் கவிழ்த்தால் வால்வுகள் மேலே, காற்றாட நிற்கும். தினமும் பெட்டி தூக்குகிறவனின் முதுகை நினைத்துப்பார்த்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். ஒரே 15 அங்குல ஸ்பீக்கர், 25 வாட், பிறகு 30. டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜாமர்சன் கிளப்புகளில் வாசிக்க இந்தப் பெட்டியைத்தான் வைத்திருந்தார். அளவாக வைத்தால் உருண்டு திரண்ட ஒலி. கூட்டம் அதிகமாகி, நாப்பை மேலே ஏற்றினால் வால்வுகள் மெல்லக் கரகரக்கத் தொடங்கும். ஹல் வெறுத்த அந்தக் கரகரப்பை வாசித்தவர்கள் விரும்பித் தேடிப்போனார்கள்.

ஏன் விரும்பினார்கள் என்பதற்கு விடை காதில் இருக்கிறது. 41 அதிர்வுள்ள ஸ்வரத்தோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே பிறக்கின்றன. டீக்கடை ரேடியோவின் கையகல ஸ்பீக்கரால் 41-ஐத் தொடவே முடியாது. ஆனால் மடங்குகள் கேட்டால் போதும், இல்லாத அடிஸ்வரத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். வால்வு கரகரக்கும்போது இந்த மடங்குகள் பெருகுகின்றன. பேஸ் பேசத் தொடங்குகிறது. ஆனால் கரகரப்பு மட்டும் இருந்து அடிக்கனம் போய்விட்டால், ஒலி கேட்கும், நெஞ்சில் இறங்காது. மிருதங்கத்தில் வலந்தலைக்குக் கருஞ்சோறு, தொப்பிக்கு ரவைப் பசை என்று இரண்டு முகத்துக்கும் தனித்தனி வைத்தியம் செய்கிறார்களே, பேஸும் அப்படித்தான்.

நாஷ்வில் ஒலிக்கூடங்களில் இதை 1950-களிலேயே கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். டபுள் பேஸ் அடியில் ஓடும். அதே ஸ்வரங்களை ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் உள்ளங்கையால் அமுக்கி, பிளெக்ட்ரமால் தட்டி இன்னொருவர் மேலே வாசிப்பார். கனம் ஒருவருடையது, தட்டு இன்னொருவருடையது. அந்த ஆறு தந்தி பேஸிலிருந்துதான் ஒலியைச் சிதைத்துச் சீறவைக்கும் ஃபஸ் பெடலே பிறந்தது என்பது பல கிட்டார்காரர்களுக்குத் தெரியாது.

மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' 1961-ல் வெளிவந்த பாட்டு. ஒலிப்பதிவில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசிக்க, கன்சோலின் ஒரு சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. பாட்டின் நடுவில் வரும் சிறு தனிவாசிப்பு தேனீக் கூட்டம் போலச் சீறியது. அதை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்திருக்கலாம். செய்யவில்லை. பாட்டு அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க ஆசைப்பட்டு, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற பொறியாளரோடு சேர்ந்து டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஒன்றை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் எஃப்இசட்-1 என்று விற்றது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், காலால் அமுக்கும் சுவிட்ச். அதே சர்க்யூட் வகையை உள்ளேயே வைத்து இபி-0எஃப் என்ற பேஸ் கிட்டாரையும் கிப்சன் விற்றது. அப்போது பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அந்தப் பெடலை வைத்து வாசித்த பிறகுதான் கடைகளில் அது நிற்கவில்லை. பேஸில் பிறந்த பிள்ளை கிட்டார் வீட்டில் வளர்ந்தது.

அதே 1965-ல் பீட்டில்ஸின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டில் ஃபஸ் பேஸ் வந்தது. கவனித்துக் கேளுங்கள்: அதில் பேஸ் இரண்டு இருக்கிறது. ஒன்று வழக்கமான ஒலி, அதன் மேல் சீறும் இன்னொன்று. நாஷ்வில் ஆட்கள் இரண்டு பேரை வைத்துச் செய்த வேலை இங்கே இரண்டு தடங்களில் நடந்திருக்கிறது. அந்தப் பாட்டை ஹெட்போனில் கேட்ட இரவுதான் எனக்கு எங்கள் அண்ணன் சொன்ன 'பேசலை' என்பதன் முழு அர்த்தமும் பிடிபட்டது.

ஆம்பெக்கை ஹல் 1967-ல் விற்று, அடுத்த ஆண்டு விலகிப்போனார். 1969-ல் அதே பெயரில் எஸ்விடி வெளிவந்தது: 300 வாட், 14 வால்வுகள், தலைப்பெட்டி மட்டுமே சுமார் 40 கிலோ. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட, முழுக்க அடைத்த பெட்டிகள் இரண்டு அதற்குத் துணை. அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் முதல் எஸ்விடிகளை மேடையேற்றினார்கள். திறந்த வெளியில் பல்லாயிரம் பேருக்கு பேஸ் போய்ச் சேர்ந்தது. ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் பல சின்ன ஸ்பீக்கர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் எதுவும் திணறாது. சின்னக் கோன் சட்டென்று நகர்வதால் விரல் தந்தியில் படும் தட்டும் தெளிவாகக் கேட்கும்.

நடுவில் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்கள், ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்த அக்கூஸ்டிக் 360, பிறகு இன்றைய இரண்டு மூன்று கிலோ கிளாஸ்-டி தலைப்பெட்டிகள் எல்லாம் தனித்தனியாக எழுதவேண்டியவை. எடை போனதில் என் முதுகுக்குச் சந்தோஷம். நான் சொல்ல வந்தது பெடல்களைப் பற்றி.

கிட்டாருக்கென்று செய்த பெடலை பேஸில் மாட்டினால் அடி காணாமல் போகிறது என்று வாரம் தவறாமல் யாராவது வருவார்கள். பெரும்பாலும் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பச்சைப் பெட்டி. அடிமூடியின் நான்கு திருகைக் கழற்றினால் போர்டில் 4558 ஐசி. அதன் பக்கத்தில் 4.7 கே ரெசிஸ்டரும் 473 என்று அச்சிட்ட கண்டன்சரும் வரிசையாக இணைந்திருக்கும். 473 என்றால் 0.047 மைக்ரோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு கோடு போடுகின்றன. அதற்கு மேலுள்ளது முழுசாகப் பெருகிச் சிதையும். கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்து ஒன்றில் வந்து நிற்கும். கிட்டாருக்கு இது அருமையான கணக்கு, ஒலி குழையாது. பேஸுக்கோ வாத்தியத்தின் அடிஸ்வரங்கள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குக் கீழே. அடி அழிவதில்லை, மேலே உள்ளது மட்டும் வளர்ந்து அதை மூடிவிடுகிறது.

அந்த 473-ஐ எடுத்துவிட்டு 104 போட்டால் கோடு 340-க்கு அருகில் இறங்கும். 224 போட்டால் 154. இதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். 474 போட்டு 72 வரைக்கும் கொண்டுபோகலாம். அப்போது தாழ்ந்த ஸ்வரங்களும் முழுசாகச் சிதைந்து, இரண்டு தந்தியைச் சேர்த்து மீட்டினால் சேறு மாதிரி குழம்பும். ஈயத்தை உறிஞ்சி, கண்டன்சரின் காலை வளைத்து நுழைத்துப் பற்றவைக்க ஐந்து நிமிடம். விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. ஆனால் வந்தவரை உட்கார வைத்து, மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டி, அவர் பேஸில் அவரையே வாசிக்கச் சொல்வேன். எது வேண்டும் என்பதை அவர் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

கண்டன்சர் மாற்றுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தொழிற்சாலைகள் அதற்கு வர வெகுகாலம் ஆனது. சுத்தமான ஒலியையும் சிதைந்த ஒலியையும் கலக்கும் நாப். 1994-ல் பாஸ் நிறுவனம் பேஸுக்கென்றே கொண்டுவந்த ஓடிபி-3-யில் அதற்கு பேலன்ஸ் என்று பெயர். டெக் 21-இன் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் பிளெண்ட். பேஸ்காரர் பில்லி ஷீஹன் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பேஸின் கழுத்தோரம் இன்னொரு பிக்கப்பைப் பதித்து, இரண்டு வயர்களை வெளியே எடுத்து, அடியைச் சுத்தமாகவும் மேலேயுள்ளதைச் சிதைத்தும் தனித்தனி ஆம்ப்களுக்கு அனுப்பினார். அவருக்காக யமஹா செய்த பேஸில் இரண்டு ஜாக் இருக்கின்றன.

அந்த நாப் இல்லாத பெடல்களுக்கு நான் தனியாக ஒரு பெட்டி செய்து தருகிறேன். வரும் சிக்னலை உள்ளேயே இரண்டாகப் பிரித்து, ஒன்று நேராகவும் மற்றொன்று பெடல் வழியாகவும் வந்து கடைசியில் சேரும். செய்வது எளிது, ஆனால் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது. சில பெடல்கள் சிக்னலைத் தலைகீழாகத் திருப்பி வெளியே விடும். சுத்த ஒலியின் அலை மேலே ஏறும்போது பெடலின் அலை கீழே இறங்கும். இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் போவது அடிஸ்வரம். எதைக் காப்பாற்றப் பெட்டி செய்தோமோ அதுவே காணாமல் போகும். அதனால் கலக்கும் இடத்துக்கு முன்னால் அலையைத் திருப்பும் 'ஃபேஸ்' சுவிட்ச் ஒன்றை வைக்கிறேன். தடித்த தந்தியைத் திறந்து மீட்டிக்கொண்டே அந்தச் சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் வைத்தால் மேஜையில் இருக்கும் திருகுகள் அதிர்கின்றனவோ அதுதான் சரியான பக்கம்.