பாலாற்றங்கரையில் ஓர் எண்

அரசின் கொள்கை எங்கே உருவாகிறது? சட்டமன்றத்தில் என்பது பாடநூல் விடை. தவறன்று. ஆனால் கொள்கை காகிதத்தில் ஏறும் முன்பே பல கைகள் அதைத் தம் பக்கம் இழுத்திருக்கும். ஒரு புள்ளியில் பல விசைகள் செயல்பட்டால் பொருள் எத்திசையில் நகரும் என்பதைத் தொகுபயன் விசையைக் கொண்டு அறிகிறோம் அல்லவா? அரசாணையும் ஏறக்குறைய அப்படித்தான் நகர்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் வட்டாரத்தின் வரலாற்றைப் பாருங்கள்.

முதல் உலகப்போரின்போது, ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுகளுக்காக ஏராளமாக வாங்கப்பட்டது. ஆலைகள் பெருகின. போர் முடிந்தபின் அவற்றுக்கு வேலை வேண்டுமே! பச்சைத் தோல் கப்பலேறாமல் உள்நாட்டில் தங்கினால்தான் பதனிடுவோருக்குப் பிழைப்பு. 1919 செப்டம்பரில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு 15 சதவீத வரி விதித்தது. ஆனால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரு பங்கு தள்ளுபடி! இங்கிலாந்து ஆலைக்காரருக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டார்கள். பச்சைத் தோலை விற்றுப் பிழைத்த வணிகர்கள் சும்மா இருப்பார்களா? கல்கத்தா அவர்களுடைய கோட்டை. 1923இல் வரி 5 சதவீதமாகச் சுருங்கியது. 1930களின் நடுவில் அறவே நீங்கியது. இதற்கிடையில் தோலின் வேதியியல் ஒன்றும் மாறிவிடவில்லை.

விடுதலைக்குப் பின் இழுபறி வேறு வடிவம் கொண்டது. அரைப்பதத் தோலாக விற்பதைவிட முழுப்பதத் தோலாகவும் காலணியாகவும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்று 1972இல் சீதாராமையா குழு கருதியது. அடுத்த ஆண்டு முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதையே நம்பியிருந்தவர்களுக்கு இது கசப்பாக இருந்தது. முதல் உள்ளவர்கள் எந்திரங்கள் வாங்கினர். ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்புகள் பிடித்தன. இந்த ஆலோசனைகளில் பாலாற்றுக்காகப் பேச எவரும் அழைக்கப்படவில்லை. ஆற்றுக்குச் சங்கம் ஏது?

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அது 2,100. ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்துள்ள திடப்பொருள்கள் 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வகுத்தது. ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பு என்று கொள்ளுங்கள். கடல்நீரில் உள்ளது இதைப்போல் 16 மடங்கு.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாதாரண உப்பைத் தடவுகிறார்கள். ஆலையில் முதல் வேலை தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. சேற்றைத் தொட்டியில் படியவிடலாம். அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும். கரைந்த உப்போ படியாது, அழுகாது. மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் வந்து நிற்கும். தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் கண்டறிந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இதுவரை வணிகர்களும் ஆலைக்காரர்களும் மட்டுமே இழுத்த கயிற்றில் புதிதாக ஒரு கை! 2,100 என்ற வரம்பை ஆலைச் சங்கத்தினர் எதிர்த்தனர். அதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இயற்பியலும் சற்று அவர்கள் பக்கம் நின்றது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கரைந்த உப்பைப் பிரிக்க நீரைச் சவ்வின் வழியே அழுத்தித் தள்ள வேண்டும். லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 8 வளிமண்டலம். எக்கி அதற்கு மேலும் அழுத்தம் தர வேண்டும். மின்கட்டணத்தை யார் கட்டுவது? சிற்றாலைகள் மூடினால் தொழிலாளியின் கூலி போகும். கெட்டுப்போன கிணற்றில் நீர் இறைத்தவரும் பல ஊர்களில் அதே தொழிலாளிதான்.

1996 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த எண்ணை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மத்திய அமைச்சகம் கரைந்த திடப்பொருளுக்குத் திட்டவட்டமான வரம்பு வகுக்கவில்லை, உள்ளூர் நிலைமையை ஒட்டி மாநில வாரியமே முடிவு செய்யலாம், அதன் எண் நியாயமானதே என்று ஜூன் மாதம் நிறுவனம் அறிக்கை தந்தது. எனக்கு இவ்வழக்கில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். யார் சங்கம் பெரிது என்ற கேள்வி, மண்ணும் நீரும் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியாக மாறிற்று.

1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் செலாவணியும் வேலையும் தருவது உண்மையே, அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. பின்னாளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு முறை வந்தது. பிரித்த உப்பை எங்கே போடுவது என்ற புதுத் தலைவலியும் கூடவே வந்தது.

2001 மார்ச் 7இல் ஆணையம் 29,000க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. 2009இல் இன்னொரு பட்டியல் வந்தது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது: இன்னும் பணம் பெறாதவர்களுக்கு ஆறு வாரங்களில் அரசே கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.