சாதிக்காய்த் தீவின் கடன் கணக்கு

கிரெனடா நாட்டின் கொடியை உற்று நோக்கினால் அதன் இடப்பக்கத்து முக்கோணத்தில் ஒரு சாதிக்காய் தென்படும். தோல் வெடித்து, உள்ளிருக்கும் சிவப்புத் தெரிகிற நிலையில் அது வரையப்பட்டிருக்கிறது. தாம்பூலத்தோடு சேரும் பஞ்சவாசத்துள் ஒன்றாகச் சாதிக்காயை அறிந்தவர்கள் நாம். உரையாசிரியர்களின் வழியாகவும் பாட்டிமாரின் மருந்துப் பெட்டியின் வழியாகவும் அது நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. அதனை ஒரு நாடு தன் கொடியிலேயே ஏற்றி வைத்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் வியந்தனர். அந்த வியப்பைத் தொடர்ந்து அந்நாட்டின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த எனக்குச் சாதிக்காயைவிட அதன் கடன் கணக்கே பெரிய பாடமாக அமைந்தது. வளரும் நாடுகளின் கடனையும் பருவநிலை மாற்றத்தையும் ஒருசேரப் பேசும் இக்காலத்தில், அந்தச் சிறு தீவின் இருபதாண்டு வரலாற்றைச் சொல்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

கரீபியக் கடலின் தென்பகுதியில் கிரெனடா, கரியாக்கூ, பெட்டி மார்ட்டினிக் என்னும் மூன்று தீவுகளைக் கொண்டது இந்நாடு. மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாது. நம் நடுத்தர நகராட்சி ஒன்றின் அளவு. அடிமை முறை ஒழிந்து, கரும்புத் தோட்டங்கள் நலிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாதிக்காய் இங்கு வேரூன்றியது. பிரிட்டனிடமிருந்து 1974இல் விடுதலை, 1979இல் புரட்சி, 1983இல் அமெரிக்கப் படையெடுப்பு என்று அதன் அரசியல் வரலாறு விரைந்து நகர்ந்தது. உலகம் கிரெனடாவை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் படையெடுப்பிற்காகத்தான். ஆயினும் அம்மக்களின் வாழ்வை அதனினும் ஆழமாகப் புரட்டிப்போட்ட நாள் வேறொன்று. அது 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 7.

அன்று ஐவன் என்னும் புயல் அத்தீவைக் கடந்தது. அதற்கு முன் அங்கு பேரழிவு விளைவித்த புயல் 1955இல் வந்த ஜேனட். இடைப்பட்ட அரை நூற்றாண்டில், கிரெனடா புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கை வளர்ந்துவிட்டிருந்தது. அந்த நம்பிக்கை சில மணி நேரத்தில் தகர்ந்தது. 39 பேர் மாண்டனர். பத்தில் ஒன்பது வீடுகள் சேதமுற்றன. பிரதமர் கீத் மிட்செலின் இல்லமே இடிந்துபோக, அவர் பிரிட்டன் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து பணியாற்ற வேண்டியதாயிற்று. இழப்பின் மதிப்பு ஏறத்தாழ 90 கோடி டாலர் என்று கணக்கிட்டனர். ஒரு நாடு முழுவதும் ஈராண்டு உழைத்து ஈட்டுவதைவிட மிகுதியான தொகை அது.

சாதிக்காய் மரங்களுள் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. சாதிக்காய் வணிகத்தில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு அது. சாதிக்காய் மரம் நட்ட ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தே காய்க்கும். முழுப் பலனுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதிலும் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியே உண்டு. விதை போட்டு வளர்த்த கன்று காய்க்கும் மரமா, காய்க்காத மரமா என்பது அது பூக்கும்வரை தெரியாது. கஜா புயலில் (2018) தென்னந்தோப்புகளை இழந்த பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த இழப்பின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. நெல் போனால் ஒரு போகம் போயிற்று. மரம் போனால் ஒரு தலைமுறையின் நடு வயது போயிற்று.

இங்கேதான் கடன் கதைக்குள் வருகிறது. புயலுக்கு முன்பே கிரெனடா கடன்பட்ட நாடு. 2001 செப்டம்பருக்குப் பின் கரீபியச் சுற்றுலா சரிந்தது. அரசு செலவுகளைச் சமாளிக்கக் கடன் வாங்கியது. 2002இல் பன்னாட்டுச் சந்தையில் 10 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரம் விற்றது. ஓராண்டு உற்பத்தியின் மதிப்புக்கு ஏறக்குறைய ஈடாகக் கடன் நின்ற வேளையில் ஐவன் வந்தது. வரி தரும் கடைகள் இல்லை, பயணிகள் தங்கும் விடுதிகள் இல்லை, ஏற்றுமதி செய்யச் சாதிக்காய் இல்லை. வட்டித் தவணைத் தேதி மட்டும் மாறாமல் இருந்தது. கடனைத் திருத்தியமைக்கும்படி கடன் கொடுத்தோரிடம் அரசு வேண்டிக்கொண்டது. 2005ஆம் ஆண்டு ஜூலையில் எமிலி என்னும் மற்றொரு புயலும் வந்து, மீண்டும் எழுந்துகொண்டிருந்ததைச் சாய்த்துச் சென்றது.

2005 நவம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பழைய பத்திரங்களுக்குப் பதிலாக 2025இல் முதிரும் புதிய பத்திரங்கள் தரப்பட்டன. முதலில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை. வட்டி மட்டும் தொடக்கத்தில் 1 விழுக்காடாக இருந்து, படிப்படியாக ஏறி, இறுதியில் 9 விழுக்காட்டை எட்டும் என்று விதிக்கப்பட்டது. நாடு மெல்லத் தேறும், தேறத் தேற மிகுதியாகக் கட்டும் என்பது அதன் அடிப்படை. பார்வைக்கு நியாயமாகவே தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. வட்டி ஏறுவது நாட்காட்டிப்படி. நாடு தேறுவதற்கு அப்படி ஒரு நாட்காட்டி இல்லை. சுற்றுலாவை 2008இன் உலக நிதி நெருக்கடி மீண்டும் முடக்கிப் போட்டது. சாதிக்காய்க் கன்றுகள் தம் கணக்கில் வளர்ந்துகொண்டிருந்தன. வட்டி தன் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. 2013 மார்ச்சில் கிரெனடா தவணை கட்ட இயலாது என்று அறிவித்தது. ஐவன் கடந்து ஒன்பதாண்டுகூட நிறையாத நிலையில் இரண்டாவது முறையாக அதே நாடு அதே கடனுக்காகக் கை விரித்தது.

இம்முறை பேச்சு வேறு விதமாக நடந்தது. கிரெனடாவின் திருச்சபைகள் ஒன்றுகூடிக் கடனைக் குறைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தன. ஐம்பதாம் ஆண்டில் கடன்பட்டவரை விடுவிக்கும் விவிலிய மரபு அவர்களுக்கு வாதமாயிற்று. மற்றொரு பக்கம், பன்னாட்டு நிதியத்தின் திட்டத்தை 2014இல் ஏற்ற அரசு, ஊழியர் ஊதியத்தை உயர்த்தாமல் நிறுத்தி, புதிய வரிகளை விதித்தது. அதன் சுமையைச் சுமந்தவர்கள் ஆசிரியர்களும் செவிலியர்களும் சிறுகடைக்காரர்களும் என்பதை மறந்துவிடலாகாது. 2015 நவம்பரில் பத்திரம் வைத்திருந்தோர் முதலில் பாதியைத் தள்ளுபடி செய்ய இசைந்தனர். அதுவும் இரண்டு கட்டமாக, நிதியத்தின் திட்டம் நிறைவேறுவதைப் பொறுத்துத் தரப்பட்டது. 7 விழுக்காடு வட்டியில் 2030இல் முதிரும் புதிய பத்திரம் எழுதப்பட்டது. அந்தப் பத்திரத்தில்தான் 'புயல் ஷரத்து' என்று இன்று அழைக்கப்படும் சில பத்திகள் இடம்பெற்றன.

அந்த ஷரத்தின் சாரம் எளியது. புயலால் நாட்டுக்கு 1.5 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்கிடப்பட்டால் அடுத்த அரையாண்டுத் தவணையைத் தள்ளிவைக்கலாம். 3 கோடி டாலருக்கு மேல் என்றால் இரண்டு தவணைகளைத் தள்ளிவைக்கலாம். யாரிடமும் மன்றாட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை மீறியவன் என்ற பெயரும் வராது. இழப்பைக் கணக்கிடுவது யார் என்ற கேள்விக்கும் விடை இருந்தது. ஐவன் தந்த பாடத்தால் 2007இல் பதினாறு கரீபிய அரசுகள் கூடிப் பேரிடர்க் காப்பீட்டு நிதியம் ஒன்றை அமைத்திருந்தன. வீடு வீடாகச் சென்று சேதத்தை மதிப்பிடாமல், காற்றின் வேகம், புயலின் பாதை போன்ற அளவுகளைக் கொண்டு இழப்பைக் கணித்து உடனே பணம் தருவது அதன் முறை. அந்தக் கணிப்பையே ஷரத்தும் அளவுகோலாகக் கொண்டது. கடன்பட்டவர் இழப்பைக் கூட்டிச் சொல்லவும் வழியில்லை. கடன் கொடுத்தவர் அதைக் குறைத்துச் சொல்லவும் வழியில்லை.

ஒன்பதாண்டுகள் அந்தப் பத்திகள் பத்திரத்துக்குள் உறங்கின. இதற்கிடையில் நாட்டின் கடன் சுமை 2013இல் ஓராண்டு உற்பத்தியை மிஞ்சியிருந்த நிலையிலிருந்து 2019க்குள் அறுபது விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருந்தது. 2024 ஜூலை 1ஆம் நாள் பெரில் என்னும் புயல் கரியாக்கூவைத் தாக்கியது. ஜூன் மாதத்திலேயே நான்காம் வகைப் புயலாக வலுப்பெற்ற முதல் அட்லாண்டிக் புயல் என்று அது பதிவாயிற்று. வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுத்திருந்த கடல் அதற்கு ஊட்டம் தந்தது. மரப்படகு கட்டும் மரபுக்குப் பெயர்பெற்ற கரியாக்கூவிலும் அருகிருந்த பெட்டி மார்ட்டினிக்கிலும் கூரையோடு நின்ற வீடுகளை எண்ணிவிடலாம் என்ற நிலை. காப்பீட்டு நிதியம் 4.4 கோடி டாலர் வழங்கியது. ஆகஸ்ட் மாதத்தில், டிக்கன் மிட்செல் தலைமையிலான அரசு, ஷரத்தைப் பயன்படுத்தி இரண்டு தவணைகளைத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. தனியார் கைவசம் உள்ள பன்னாட்டுப் பத்திரம் ஒன்றில் இத்தகைய ஷரத்து நடைமுறைக்கு வந்தது உலகில் அதுவே முதல் முறை. 2004இல் மாதக்கணக்கில் நடந்த மன்றாட்டு, 2024இல் ஓர் அறிவிப்பாகச் சுருங்கியது. இதனைச் சிறிய வெற்றி என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

எனினும் தமிழாசிரியனுக்கு ஒரு சொல்லில் கண் நிற்கிறது. 'தள்ளுபடி', 'தள்ளிவைப்பு' என்ற இரண்டும் 'தள்ளு' என்ற ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஒன்று கணக்கிலிருந்து அகற்றுகிறது. மற்றொன்று கணக்கில் கீழே நகர்த்துகிறது. புயல் ஷரத்து தருவது இரண்டாவதை. தள்ளிவைத்த வட்டி முதலோடு சேர்கிறது. பத்திரம் முதிரும் ஆண்டு மாறுவதில்லை. எஞ்சிய தவணைகள் கனக்கின்றன. கடன் கொடுத்தவர் காலத்தை மட்டுமே விட்டுக்கொடுக்கிறார். நம் பழைய வருவாய்த் துறைக் கணக்குகளில் விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கு நிலவரியில் தரப்படும் கழிவை 'வஜா' என்று எழுதினார்கள். காலனி அரசு அதைத் தாராளமாகக் கொடுத்தது என்று எவரும் சொல்லார். ஆயினும் விளையாத நிலத்துக்கு வரி இல்லை என்ற கருத்தாவது அச்சொல்லுக்குள் இருந்தது. பன்னாட்டுக் கடன் பத்திரத்தின் மொழியில் அதற்கு நிகரான சொல் இன்னும் இல்லை.

இந்த வேறுபாட்டைத் தீவுக்கு வெளியே கொண்டுசென்றால் அதன் பொருள் பெரிதாகிறது. 2009இல் கோபன்ஹேகனில், வளரும் நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் பருவநிலை நிதி திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் உறுதி கூறின. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படியே அந்த இலக்கு 2022இல்தான் எட்டப்பட்டது. அவ்வாண்டு அரசுகள் வழியாக வந்த நிதியில் பத்தில் ஏழு பங்கு கடனாகவே வந்தது. கரிப்புகையை மிகுதியாக உமிழ்ந்தவர் ஒருவர், அதனால் வீடிழந்தவர் மற்றொருவர். இழந்தவர் மீண்டும் வீடு கட்ட, உமிழ்ந்தவரிடமே வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது. மொசாம்பிக்கின் பெய்ரா நகரை 2019 மார்ச்சில் இடாய் புயல் சிதைத்தபோது, ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த அந்நாட்டுக்குப் பன்னாட்டு நிதியம் நீட்டிய கை 11.8 கோடி டாலர் கடன். அதற்கு வட்டி இல்லை என்பது உண்மை. அது கடன் என்பதும் உண்மை. 2024இல் பாக்கு மாநாடு, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கை உயர்த்தியது. அதில் எத்தனை பங்கு கொடை, எத்தனை பங்கு கடன் என்பதை அது வரையறுக்கவில்லை.

கிரெனடாவின் வழியைப் பிறரும் பின்பற்றுகின்றனர். பார்படோஸ் 2018, 2019ஆம் ஆண்டுகளில் தன் கடன்களைத் திருத்தியபோது இதே போன்ற ஷரத்துகளைச் சேர்த்தது. பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம் 2022இலும், உலக வங்கி 2023இலும் பேரிடர்க் காலத்தில் தவணையை நிறுத்திவைக்க இசைந்தன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கிரெனடாவின் கதையில் உண்மையில் சுமையைக் குறைத்தது 2015இன் தள்ளுபடியும் அம்மக்கள் வயிற்றைக் கட்டிய ஆண்டுகளுமே. ஷரத்து அளித்தது மூச்சுவிட நேரம். மூச்சுவிடும் நேரத்தையே விடுதலை என்று பெயரிட்டுப் பரப்பிவிட்டால், கடன் கொடுத்தவருக்குச் செலவின்றி மனச்சாட்சி தேறிவிடும்.

பெரில் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக இன்று நடப்படும் ஒரு சாதிக்காய் விதையை எண்ணிப் பார்க்கிறேன். அது காய்க்கும் மரமா இல்லையா என்று தெரியும் முன்பே 2030 வந்துவிடும். அந்த ஆண்டு முதிரும் பத்திரத்தில், தள்ளிவைத்த தவணைகளும் சேர்ந்து நிற்கும்.