விதைப்பை புற்றுநோய் மூளைக்கும் பரவுமா? தலைவலியை எப்போது அலட்சியம் செய்யக் கூடாது? - முழு விளக்கம்

2012 செப்டம்பர் 11. சேப்பாக்கம் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக யுவராஜ் சிங் களமிறங்கியபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் வென்று வந்தது கருவணுப் புற்றுநோயை. அது என்ன நோய்?

கருவணுப் புற்றுநோய் என்றால் என்ன?

விந்தணு, கருமுட்டையை உருவாக்கும் செல்களில் தொடங்குவது இது. பெரும்பாலும் விதைப்பையில் அல்லது சினைப்பையில் வரும். சிலருக்கு நெஞ்சிலோ மூளையிலோகூட தொடங்கலாம். யுவராஜுக்கு வந்தது நெஞ்சில், இரு நுரையீரல்களுக்கு நடுவே. இளம் வயதினரையே இது அதிகம் தாக்குகிறது.

மூளைக்கு எப்படி போகிறது?

இரண்டு வழி. ஒன்று, ரத்தம் வழியாக. முதலில் நுரையீரல், பிறகு மூளை. கோரியோகார்சினோமா வகையில் இந்த ஆபத்து அதிகம். இரண்டாவது, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர் வழியாக சவ்வுகளில் படிவது. மூளையிலேயே தொடங்கும் கட்டிகள் இப்படி முதுகு வரை இறங்கும். விதைப்பையிலிருந்து சவ்வு வரை போவது மிக அரிது.

அறிகுறிகள் என்ன?

காலையில் கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, முதுகுவலியோடு கால் மரத்துப்போவது. ஏற்கெனவே இந்தப் புற்றுநோய் வந்தவர்கள் 'சும்மா தலைவலிதானே'ன்னு மாத்திரை போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது.

குணமாகுமா?

மூளைக்குப் பரவினாலும் குணமாக வாய்ப்புள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல், 25 வயதில், நோய் வயிறு, நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கீமோதெரபிக்குப் பின் மீண்டார். ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்கள் பறிபோனது தனிக்கதை. யுவராஜும் அவரும் சிகிச்சை பெற்றது ஒரே ஊரில்தான்: அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். சிஸ்பிளாட்டின் மருந்தை வைத்து இந்த நோய்க்கான கூட்டு சிகிச்சையை 1970-களில் உருவாக்கிய டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் பணியாற்றிய ஊர் அது.

என்ன பரிசோதனை? எங்கே போவது?

ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஸ்கேன், தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீர் பரிசோதனை. குத்தம்பாக்கம், திருமழிசை பகுதியினருக்கு பெங்களூரு நெடுஞ்சாலையில் இரு பக்கமும் வழி உண்டு. கிழக்கே சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மையம். மேற்கே காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

முக்கியமாக, விதைப்பையில் வலியில்லாத கட்டி தென்பட்டால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கலையே என்று தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது.