திரையில் ஒரு துப்பாக்கி, தோட்டத்தில் ஒரு துப்பாக்கி

குதிரை, தொப்பி, புழுதி பறக்கும் தெரு, இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கி. கௌபாய் படங்களுக்கு என்றுமே ஒரு கவர்ச்சி உண்டு. தமிழ்த் திரையும் அதற்கு விலக்கல்ல. இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்து 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ ஆகிய படங்களைத் தந்தார். 2010-இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ அதே உலகத்தை நகைச்சுவையாகக் காட்டியது.

இந்தப் படங்களில் வரும் பழைய துப்பாக்கிகள் எந்தக் காலத்தவை? அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல.

பார்த்தாலே தெரியும்

1860-ஆம் ஆண்டு ஹென்றி ரைஃபிளின் குழலுக்கு அடியில் கைப்பிடி மரம் இருக்காது. 1866-ஆம் ஆண்டு வின்செஸ்டரில் அந்த மரம் வந்தது. வலப்பக்கத்தில் தோட்டா நுழைக்கும் சிறு வாயிலும் வந்தது. 1873 மாடலில் பித்தளை உடல் போய் இரும்பு உடல் வந்தது.

இது தெரிந்தால் திரையின் பொய்யும் தெரிந்துவிடும். 1939-இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தின் கதை 1880-ஐ ஒட்டி நடக்கிறது. ஜான் வேய்ன் கையில் இருப்பதோ 1892 மாடல் வின்செஸ்டர்! 1966-இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ 1862-இல் நடக்கும் கதை. அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கோல்ட் ரிவால்வர் உலோகத் தோட்டாவில் சுடுகிறது. 1862-இல் அந்த ரிவால்வரில் மருந்தையும் ஈயக் குண்டையும் முன்பக்கமாக இட்டு அடைக்கவேண்டும். உலோகத் தோட்டாவுக்கு மாற்றும் வேலை சுமார் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது.

கதாநாயகனுக்குக் காலத்தை மீறும் சலுகை உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குத் துப்பாக்கி வந்தபோது அங்கே யாருக்கும் சலுகை இல்லை.

மலைக்கு வந்த ஆயுதம்

1885-இல் வில்லியம் கேமரன் அளந்து பார்த்த மலை அது. 1929-இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கொழுந்து பறிக்கத் தமிழர்கள் மலையேறினர்.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. மலாயாத் தோட்டங்களில் முள்வேலியும் காவலும் வந்தன. காடு சூழ்ந்த கேமரன் மலைக்கும் அதே சட்டம்தான்.

அந்நாளில் பிரிட்டிஷ் படையினர் பலர் கையில் இருந்தது ‘ஜங்கிள் கார்பைன்’ என்ற லீ என்ஃபீல்டு ரைஃபிள். 1944 முதல் 1947 வரை தயாரான ரகம். நீளம் சுமார் ஒரு மீட்டர், எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். குழல் முனையில் புனல் போன்ற தீப்பொறி மறைப்பு, தோளில் பதியும் இடத்தில் ரப்பர். உதைப்பு கடுமையானது.

1952-இல் ‘தி பிளான்டர்ஸ் ஒய்ஃப்’ என்ற ஆங்கிலப் படம் இந்தப் போரைக் கதையாக்கியது. பங்களாவுக்குள் துரை குடும்பம், வெளியே முற்றுகையிடும் கெரில்லாக்கள். கௌபாய் கதையின் அதே அச்சு. லயத்தில் இருந்தவர்களின் கதையோ வேறு. காட்டுக்குள் இருந்தவர்கள் அரிசி கேட்டார்கள். வாயிலில் நின்றவர்கள் அரிசி போகிறதா என்று சோதித்தார்கள். இருபுறமும் துப்பாக்கி, நடுவில் தொழிலாளி.

வைத்திருந்தாலே மரணம்

அவசரகாலச் சட்டப்படி அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதே மரண தண்டனைக் குற்றம். தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றம். திரையில் அதே ஆயுதம் இடுப்பில் தொங்கினால் அவர் கதாநாயகன்!

அந்தக் காலத்தைச் சிறுவயதில் கண்டவர்கள் இன்று எண்பதை எட்டியவர்கள். ஜான் வேய்னின் ரைஃபிள் எந்த ஆண்டு மாடல் என்று சொல்ல உலகெங்கும் ஆட்கள் உண்டு. லயத்து வாசலில் நின்ற துப்பாக்கி யாரைப் பார்த்து நின்றது என்று சொல்ல இந்த முதியவர்கள் மட்டுமே உண்டு. பிள்ளைகள் இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்கட்டும், கேட்டதை எழுதி வைக்கட்டும்.